ஏழாவது கேள்வி

அவள் கையைத் தூக்கினாள். நானும் கையைத் தூக்கினேன்.

கோலா தெர்லாவைத் தாண்டி, தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரைகள் முடிகிற இடத்தில், ஒரு மண்பாதை வந்து பெரிய சாலையில் சேரும். அந்த முனையில், ஒரு மழைக்காலைப் பொழுதில், ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். தலையில் உரப்பையைக் கிழித்துப் போட்டிருந்தாள். மடியில் ஒரு துணி மூட்டை. பக்கத்தில் ஓர் இளைஞன் மோட்டார் சைக்கிளைச் சாய்த்து நிறுத்திவிட்டு நின்றுகொண்டிருந்தான்.

எனக்கு முன்னால் ஒரு முட்டைக்கோஸ் லோரி, பின்னால் ஒரு தக்காளி லோரி. கண்ணாடி முழுக்க ஆவி. பிரிஞ்சாங் ஹோட்டல் ஒன்றில் எட்டரை மணிக்குப் பயிற்சிப் பட்டறை. நான்தான் முதலில் பேச வேண்டும். வழக்கம்போல் தாமதம்.

தெரிந்த முகம்தான். ரோஸ்னி. அந்த மண்பாதையின் உள்ளே, செமாய்ப் பூர்வகுடிகள் வாழும் கம்போங்கைச் சேர்ந்தவள். சில மாதங்களுக்கு முன் எங்கள் மாணவர்களோடு அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். ஒரே ஒரு தடவை பார்த்தவளை ஞாபகம் வைத்துக்கொண்டு கையசைக்கிறாளே என்று எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட.

கையசைத்துச் சிரித்துவிட்டு, இரண்டாவது கியரைப் போட்டு மேடேறிப் போய்விட்டேன்.

கியா பார்ம் வளைவில் ஸ்ட்ராபெரிக் கடைக்காரர்கள் அப்போதுதான் கித்தானை விலக்கிக்கொண்டிருந்தார்கள். பட்டறையில் தேநீரும் கறிபாப்பும் கொடுத்தார்கள். நான் நன்றாகப் பேசினேன் என்று எல்லோரும் சொன்னார்கள்.

மூன்று முறை கேளுங்கள்

இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்கு என்னைத் தெரியும். இந்த வாரம் புதிதாக வருகிறவர்களுக்காக இரண்டு வரி. நான் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். அம்மா கொழுந்து பறித்தாள், அப்பா மருந்தடித்தார். நான் படித்து, மலைக்குக் கீழே ஒரு கல்லூரியில் சமூகப் பணி சொல்லிக்கொடுக்கும் ஆசிரியையானேன். பிறகு மலையிலேயே வீடு எடுத்துத் தங்கி, களப்பயிற்சிக்கு வரும் மாணவர்களை மேய்க்கும் வேலை. இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

மாணவர்கள் ஒரு படிவத்தோடு வருவார்கள். பன்னிரண்டு பக்கம். வீட்டில் எத்தனை பேர், என்ன வேலை, குடிதண்ணீர் எங்கிருந்து என்று போகும். ஏழாவது கேள்வி: ‘உங்களுக்கு என்ன தேவை?’

அந்தப் படிவத்தைத் தயாரித்தவள் நான்தான். ஏழாவது கேள்விதான் அதன் உயிர் என்று வகுப்பில் சொல்வேன். ‘முதல் தடவை ஒன்றுமில்லை என்பார்கள். நம்பாதீர்கள். இரண்டாம் தடவை வெட்கப்படுவார்கள். விடாதீர்கள். மூன்றாம் தடவைதான் உண்மை வரும்.’ இது என்னுடைய புகழ்பெற்ற பாடம். ஒரு வருஷத்து மாணவர்கள் பிரிவு உபசார அட்டையில் ‘மூன்று முறை மேடம்’ என்றே எழுதிக் கொடுத்தார்கள். அதை அலமாரிக் கண்ணாடியில் ஒட்டி வைத்திருந்தேன்.

ரோஸ்னியிடம் கேட்டவள் திவ்யா. கிள்ளானிலிருந்து வந்த பெண், வேலையில் சுத்தம். செமாய்க்காரர்களோடு நாங்கள் பேசுவது மலாயில்தான். இங்கே நம் பேச்சில் எழுதுகிறேன்.

"உங்களுக்கு என்ன வேணும், அக்கா?"

ரோஸ்னி தலையை ஆட்டினாள். ஒன்றும் வேண்டாம்.

"ஏதாச்சும் இருக்குமேக்கா?"

ரோஸ்னி வெளியே பார்த்தாள். அவளுக்கு அப்போது வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது. மரவள்ளிக் கிழங்கு உரித்த கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

திவ்யா மூன்றாம் முறை கேட்டாள். அன்பாகத்தான் கேட்டாள். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பிள்ள பொறக்குற அன்னிக்கு ஒரு கெரெத்தா இருந்தா நல்லாருக்கும்."

திவ்யாவின் முகம் பூரித்துப்போயிற்று. கிளினிக்கில் எந்தத் தேதி சொன்னார்கள் என்று கேட்டாள். எழுதி, அதைச் சுற்றி வட்டம்கூடப் போட்டாள். "சரிக்கா, எழுதிக்கிட்டேன்" என்றாள். நான் அவள் தோளைத் தட்டிக் கொடுத்தேன். வெளியே கல்லூரி வேனுக்குப் பக்கத்தில் என்னுடைய வெள்ளைக் கார், அவள் சொன்ன கெரெத்தா, நின்றது. ரோஸ்னி அதைப் பார்த்தாள். அவள் பார்த்ததை நானும் பார்த்தேன், அதில் ஒன்றும் விசேஷமாகத் தோன்றவில்லை.

அம்மாவின் கதவு

ஏன் தோன்றவில்லை என்று பிற்பாடு நிறைய யோசித்தேன். அதற்கு எங்கள் லயத்துக்குத்தான் போக வேண்டும்.

எனக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது, வருஷத்துக்கு ஒருமுறை வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் லயத்துக்கு வருவார். கூடவே தோட்டத்து எழுத்தர், கிராணி, குடை பிடித்துக்கொண்டு வருவார். பெண்களை எல்லாம் வரிசையாக நிற்க வைத்து, ‘என்ன குறை, என்ன வேணும், தயங்காம சொல்லுங்க’ என்று கேட்பார்கள். அம்மா ஒவ்வொரு வருஷமும் ஒன்றையே சொல்வாள். "குளிக்கிற எடத்துக்கு ஒரு கதவு வேணும் ஐயா." கிராணி சொல்வார், "எழுதிக்கிட்டேன்."

கதவு வரவே இல்லை. அப்பா கோணியைத் தொங்கவிட்டார். காற்றடித்தால் உள்ளே இருப்பவர்கள் ஒரு கையால் கோணியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் தண்ணீர் மொள்ள வேண்டும்.

அம்மா அதற்காக அழுததில்லை. "கதவு கெளம்பிருச்சாம்டி, தாப்பா ரோட்டுல லோரி மாட்டிக்கிச்சாம்" என்பாள். பக்கத்து வீட்டுக்காரிகள் சிரிப்பார்கள். எங்களுக்குக் கேள்வி என்பது அப்படித்தான். பெரிய மனிதர்கள் வருவார்கள், என்ன வேண்டும் என்று கேட்பார்கள், எழுதிக்கொள்வார்கள், போவார்கள். பதில் சொல்லும்போதே அது வராது என்று எங்களுக்குத் தெரியும்.

அதில் ஊறி வளர்ந்தவள் நான். பின்னாளில் நானே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கேட்கிற இடத்துக்கு வந்தபோது, எதிரே இருப்பவர்களும் அப்படியே எடுத்துக்கொள்வார்கள் என்று நினைத்துவிட்டேன். கேட்டால் கொண்டுவருவார்கள் என்று நம்புகிற மனிதர்கள் இருப்பார்கள் என்பது என் புத்திக்கு எட்டவே இல்லை.

போன வாரம் தாப்பாவிலிருந்து ஒரு வாசகர், ‘உங்கள் கட்டுரையில் தோட்டத்து மக்களின் கஷ்டம்தான் இருக்கிறது, மற்றவர்களை நாம் எப்படி நடத்தினோம் என்று எழுத மாட்டீர்களா?’ என்று கேட்டிருந்தார். சுருக்கென்று தைத்தது. எங்கள் லயத்துக்கு மேலே காட்டோரம் இருந்த செமாய்க்காரர்களை நாங்கள் சிறுவயதில் எந்தச் சொல்லால் கூப்பிட்டோம் என்பதை இங்கே எழுத மாட்டேன். கங்காணி எங்களைக் கூப்பிட்ட சொற்களுக்குக் குறைந்ததில்லை அது.

காக் மெலி வந்தாள்

கையசைத்த நாளுக்கு மறுநாள், காக் மெலி என் வீட்டுக்கு வந்தாள். காக் என்றால் மலாயில் அக்கா. அவள் ரோஸ்னியின் அதே கம்போங். வயதில் என்னைவிடப் பத்து வருஷம் மூத்தவள். இளவயதில் தோட்டத்தில் அம்மாவோடு ஒரே நிரையில் கொழுந்து பறித்தவள். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நின்று நின்றே நம் தமிழைக் கற்றுக்கொண்டாள், நடுநடுவே மலாய் ‘லா’வோடு. வைகிற வார்த்தைகளைத்தான் முதலில் கற்றாள் என்று அம்மா சொல்லிச் சிரிப்பாள்.

ஈரப் பூட்ஸைக் கழற்றி வாசலில் வைத்தாள். சூடான மைலோ கொடுத்தேன். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குடிக்காமல் இருந்தாள்.

"அமுதா, ஒங்க பொண்ணு ஒன்னு, எங்க ரோஸ்னிகிட்ட என்ன வேணும்னு கேட்டுச்சா?"

"கேட்டிருப்பாங்க காக். எல்லார்கிட்டயும் கேக்குறதுதான்."

"எல்லார்கிட்டயுமா?"

அவள் குரலில் ஒரு பயம் இருந்தது. நான் ஏதோ நகைச்சுவை சொன்னதுபோல் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம்போல் இருக்கிறது.

"ரோஸ்னி கெரெத்தா கேட்டா. நேத்து விடியறதுக்குள்ள வலி எடுத்துருச்சு. கிளினிக்ல சொன்ன அதே தேதிலா. புருசன் மோட்டார்ல ஏத்தி முனைக்குக் கொண்டாந்தான். லோரிய நிறுத்துறேன்னான். இவ விடல. கெரெத்தா வரும், எழுதி வெச்சிருக்காங்க, நாள்கூட கேட்டுக்கிட்டாங்கன்னு சொல்லிட்டு ஒக்காந்துட்டா. மழையிலலா. மூனு மணி நேரம்."

நான் என் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"அப்புறம் அவளுக்குத் தாங்கல. கோஸ் லோரிக்காரன் ஒருத்தன் ஏத்திக்கிட்டான். கூடைங்களுக்கு நடுவுல, பிரிஞ்சாங் வர்றதுக்குள்ள பொறந்துருச்சு. ஆம்பளப் பிள்ள. அழுவல."

அந்த வெள்ளை கெரெத்தா வாசலில்தான் நின்றது. காக் மெலி அதைத் தாண்டித்தான் உள்ளே வந்திருந்தாள்.

கெம்புனான்

நம்மவர்களுக்குத் தெரிந்த வார்த்தைதான் இது. அலுவலகத்தில் மலாய்த் தோழிகள் கோப்பி நீட்டும்போது ‘ஒரு வாய் குடிச்சிடு, இல்லாட்டி கெம்புனான்’ என்பார்கள். நாமும் விரலால் தொட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டு போவோம். ஆசைப்பட்டது கிடைக்காமல் போனால் ஏதாவது ஆபத்து வரும் என்று ஒரு நம்பிக்கை. நமக்கு அது வேடிக்கை.

செமாய்க்காரர்களுக்கு அது வேடிக்கை இல்லை என்று காக் மெலி அன்றுதான் எனக்குச் சொன்னாள்.

"ஒரு ஆளுகிட்ட ஆசையக் கெளப்பிவிட்டுட்டுக் குடுக்காம போனா, அந்த ஆளு தொறந்து கெடக்குற வீடு மாதிரிலா. பாம்பு வரும், மரம் விழும், எது வேணும்னாலும் உள்ள வரும். அதனால நாங்க கேக்க மாட்டோம். கையில இருந்தா கொண்டுபோயி வெப்போம். இல்லேன்னா வாயத் தொறக்க மாட்டோம். என்ன வேணும்னு ஒருத்தன் கேக்குறான்னா, அது அவன்கிட்ட இருக்குதுன்னு அர்த்தம். இல்லாதவன் எதுக்குக் கேக்குறான்?"

எதுக்குக் கேட்கிறான்? இருபது வருஷமாக நான் பிள்ளைகளை அப்படிக் கேட்கத்தான் பழக்கியிருந்தேன்.

பாம்பு, மரம் எல்லாம் நீங்கள் நம்ப வேண்டாம். நானும் நம்புகிறவள் இல்லை. ஆனால் ரோஸ்னி அந்த முனையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்ததற்குக் காரணம் நாங்கள் கேட்டது. கேட்காமல் இருந்திருந்தால், வலி கண்டதும் முதல் லோரியில் ஏறியிருப்பாள். இதை நம்புவதற்கு எந்தச் சாமியும் தேவையில்லை.

பேசித் தீர்த்தார்கள்

அவர்கள் வழக்கத்தில் ஒரு தவறு நடந்துவிட்டால் எல்லோரும் கூடிப் பேசுவார்கள். பிச்சாரா என்பார்கள். யாரும் கத்தக் கூடாது. ஒவ்வொருவரும் தன் மனதில் உள்ளதைச் சொல்லி முடிக்கும்வரை, யாருக்கும் சொல்ல எதுவும் மிச்சமில்லை என்று ஆகும்வரை, எழுந்திருக்க மாட்டார்கள்.

திவ்யாவையும் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். திவ்யாவை அனுப்பக் கூடாது என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். மாணவியின் பாதுகாப்பு என்றார்கள். அந்தப் பெண் தொலைபேசியில் அழுதாள். "மேடம், நான் ஒரு தடவையோட விட்டிருக்கலாம்ல மேடம்?" அவளுக்கு மூன்று முறை சொல்லிக்கொடுத்தது நான்தான் என்று அவள் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. அந்த வருஷத்தோடு படிப்பை விட்டுவிட்டாள்.

நான் மட்டும் போனேன். மூங்கில் தரையில் காலை மடக்கி உட்கார்ந்தேன். அடுப்புப் புகை கண்ணைக் கரித்தது. ரோஸ்னி ஒரு மூலையில் துணி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் என்று யாரோ சொன்னார்கள்.

அவள் புருஷன் மெதுவாகப் பேசினான். லோரியை நிறுத்தாமல் விட்டது தன் தவறு என்றான். அதையே நாலைந்து தடவை சொன்னான். பிறகு சொன்னான்: "ஒரு வெள்ளை கெரெத்தா வந்துச்சு. வந்துருச்சுன்னு இவ கையத் தூக்கினா. உள்ள இருந்தவங்களும் கையத் தூக்குனாங்க. போயிட்டாங்க."

யாரும் என்னைப் பார்க்கவில்லை. இருபது பேர் இருந்தார்கள், ஒருவர்கூடப் பார்க்கவில்லை. எல்லோருக்கும் தெரியும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"அது நான்தான்" என்றேன். "எனக்குத் தெரியல. வணக்கம் சொல்றான்னு நெனச்சேன்."

சொல்லிவிட்டு அழுதேன். ஊர்ப் பெரியவர் நான் அழுது முடிக்கும்வரை புகையிலை சுருட்டிக்கொண்டிருந்தார். பிறகு, "சொல்லிட்டீங்க. இனி அதப் பத்தி யாரும் பேச மாட்டாங்க" என்றார். அதற்குப் பிறகு அந்தக் கம்போங்கில் யாரும் அதைப் பேசியதில்லை. என் சொந்தக்காரர்கள் இருபது வருஷத்துக்கு முன் நடந்த கல்யாணத்தில் வெற்றிலை வைக்காததை இன்னும் பேசுகிறார்கள்.

பொழுது சாயும்போது தீர்ப்புக்கு வந்தார்கள். எங்களிடம் அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று. அந்தக் கேள்வியை எடுத்துவிட வேண்டும். இனி வருகிற பிள்ளைகள் எந்த வீட்டிலும் அதைக் கேட்கக் கூடாது.

"எடுத்துர்றேன்" என்றேன். அத்தனை பேர் முன்னால், ரோஸ்னியின் முன்னால் சொன்னேன். நான் எழுதிய படிவம்தானே, ஒரு வரியைக் கிழிப்பதற்கு எவ்வளவு நேரமாகும் என்று நினைத்தேன்.

கீழே நடந்த கூட்டம்

அந்தச் சமயத்தில்தான் கல்லூரியில் ஒரு புதுக் காற்று வீசியது. பூர்வகுடி மக்களும் சேர்ந்து பாடத்திட்டத்தை உருவாக்க வேண்டும் என்றார்கள். நல்ல எண்ணம்தான். குழுவில் சேர்க்க ஒருவரைச் சொல்லுங்கள் என்று துறைத்தலைவர் கேட்டார். நான் காக் மெலியின் பெயரைச் சொன்னேன். கேள்வியை எடுக்க இதைவிட நல்ல வழி கிடைக்காது என்று பட்டது.

மலையிலிருந்து இறங்கும்போது வளைவுகளில் காக் மெலி இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். புதுச் செருப்பு குதிகாலைக் கடித்திருந்தது. கூட்ட அறையில் அவள் கழுத்தில் பெயரட்டை மாட்டினார்கள். குளிரூட்டி அவளுக்கு நேர் மேலே. மலைக்காரிக்குக் குளிராது என்று நினைத்தார்களோ என்னவோ.

துறைத்தலைவர் கெட்டவர் இல்லை. டாக்டர் என்று கூப்பிடுவோம், மரியாதையான மனிதர். மைக்கை அவள் பக்கம் நகர்த்தி, குனிந்து மலாயில் கேட்டார்.

"சமூகப் பணிக் கல்வியிலேருந்து உங்க மக்களுக்கு என்ன தேவைன்னு நீங்க நெனக்கிறீங்க?"

ஏழாவது கேள்வியேதான்.

காக் மெலி அவரை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க என்ன வெச்சிருக்கீங்க?" என்றாள்.

அறை சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. "முதல்ல கையில இருக்குறதக் காட்டுங்க. அப்புறம் கேளுங்க" என்றாள். பிறகு, இதற்காகவே தூங்காமல் யோசித்து வைத்திருந்தவள்போல, வரிசையாகச் சொன்னாள். பிள்ளைகள் வந்தால் பத்து நாள் தங்கட்டும். தங்கள் அரிசியைத் தாங்களே கொண்டுவரட்டும். தண்ணீர் தூக்கட்டும். அந்தப் பத்து நாளும் எதையும் கேட்கக் கூடாது. "கண்ணு குடுத்திருக்குல்ல? எவ வீட்டுல என்ன இல்லேன்னு பாத்தா தெரியாதா? பாக்குறதுக்கு சொல்லிக்குடுங்க. அந்தக் கேள்விய எடுத்துருங்க."

ரோஸ்னியைப் பற்றியும் சொன்னாள். பெயர் சொல்லாமல், லோரியில் பிறந்த பிள்ளை என்று மட்டும். ஓர் இளம் விரிவுரையாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு அவர்கள் ஆங்கிலத்துக்கு மாறினார்கள். தேவைகளைக் கண்டறிவது இந்தத் தொழிலின் அடிப்படை என்றார் ஒருவர். அதை எடுத்துவிட்டால் படிப்புக்கு அங்கீகாரம் கிடைக்காது என்றார் இன்னொருவர். காக் மெலி ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

"அமுதா, களப்பயிற்சி உங்களுது. நீங்க சொல்லுங்க. எடுத்துடலாமா?"

என் ஒப்பந்தம் அந்த மாதம் புதுப்பிக்கப்பட வேண்டும். அது ஒரு காரணம். இன்னொன்று, அந்தப் படிவம் என் இருபது வருஷம். அது தவறு என்று அந்த மேசையில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கம்போங்கில், மூங்கில் தரையில், என் குற்றத்தைச் சொல்ல முடிந்தது. அங்கே எனக்கு இழக்க எதுவும் இல்லை.

"எடுக்க வேண்டியதில்லை. கேட்கிற விதத்தை மாற்றலாம்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

எல்லோருக்கும் நிம்மதி. தேநீர் வந்தது. காக் மெலியை நடுவில் உட்காரவைத்துப் படம் எடுத்தார்கள்.

திரும்பும் வழியில், சிம்பாங் பூலாய் ஏற்றத்தில், அவள் கேட்டாள். "எடுத்துட்டாங்களா?"

"யோசிக்கிறோம்னு சொல்லிருக்காங்க காக்."

"ஒன்னைக் கேட்டாங்களே, நீ என்ன சொன்ன?"

"ஒங்க பேச்ச எடுத்துச் சொன்னேன்."

"நல்லது" என்று சொல்லிவிட்டு, கண்ணாடியில் தலையைச் சாய்த்து அவள் தூங்கிப்போனாள். நான் வாழ்க்கையில் சொன்ன பொய்களில் எதையாவது திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்றால், முதலில் அதை வாங்குவேன்.

அட்டையில் ஒரு முகம்

புதுப் படிவம் பதினாறு பக்கம். ஏழாவது கேள்வி மூன்றாகப் பிரிந்திருந்தது. உடனடித் தேவை என்ன, நீண்டகாலத் தேவை என்ன, இவற்றில் உங்களுக்கு மிக முக்கியமானது எது? கேட்கிற விதத்தை மாற்றியிருந்தார்கள்.

அட்டையில், ‘பூர்வகுடி மக்களின் பங்களிப்புடன் உருவாக்கப்பட்டது’ என்று அச்சடித்திருந்தார்கள். அதற்கு மேலே காக் மெலியின் படம். கழுத்தில் பெயரட்டையோடு.

அச்சுக்குப் போகும்முன் பிரதி எனக்கு வந்தது. பார்த்து, கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

புது மாணவர்கள் வேனிலிருந்து இறங்கியபோது காக் மெலி எதிரே வந்தாள். ஒரு பையனின் கையிலிருந்த படிவத்தை வாங்கிப் பார்த்தாள். அட்டையை விரலால் துடைத்தாள்.

"இது நான்லா?"

"ஆமா காக்."

"உள்ள அந்தக் கேள்வி இருக்குதா?"

"இருக்கு" என்றேன். "மூனா இருக்கு."

அவள் என்னைத் திட்டவில்லை. தோட்டத்தில் கற்றுக்கொண்ட அத்தனை வார்த்தைகளும் அவளிடம் இருந்தன, ஒன்றையாவது எடுத்து வீசியிருக்கலாம். படிவத்தை அந்தப் பையனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, மாணவர்களுக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்து போனாள். ஒவ்வொரு வீட்டிலும் நின்று, இரண்டு வார்த்தை பேசிவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போனாள்.

இரண்டு நாள் ஆகும் வேலை மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. பிள்ளைகளுக்கு ஒரே சந்தோஷம். வேனில் உட்கார்ந்து படிவங்களைப் புரட்டினேன். ஒவ்வொரு வீட்டிலும், ஏழாவது கேள்வியின் மூன்று கட்டத்திலும், ஒரே பதில். ஒன்றும் தேவையில்லை.

"மூனு தடவை கேட்டோம் மேடம்" என்றான் அந்தப் பையன்.

அந்த மண்பாதை முனையில் பிரசவத்துக்கு ஒரு வேன் நிறுத்தி வைக்க வேண்டும் என்று நான் ஒரு கோரிக்கை எழுதிப் போட்டிருந்தேன். ஒரு வருஷமாக மேசை மேசையாகத் தள்ளி, கடைசி மேசைக்கு வந்திருந்தது. படிவங்கள் போய்ச் சேர்ந்த வாரத்தில் டாக்டர் கூப்பிட்டார். "அமுதா, அந்தக் கம்போங்ல யாருமே கேக்கலையே. தேவையே இல்லேன்னு அவங்களே சொல்லும்போது, நான் எதை வெச்சு வேன் கேக்குறது?" அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "நல்ல விஷயம்தானே? அடுத்த வருஷம் வேற கம்போங் பாத்துக்கலாம்."

சென்ற வாரம்

சென்ற வாரம் ரோஸ்னியின் வீட்டுக்குப் போனேன். அவள் மறுபடி உண்டாகியிருக்கிறாள் என்று சந்தையில் கேள்விப்பட்டேன். அவள் புருஷனின் மோட்டார் போன மாதம் வழுக்கி விழுந்து உடைந்துவிட்டது என்றும் சொன்னார்கள்.

போகும்போதே தீர்மானித்துக்கொண்டேன். எதையும் கேட்கக் கூடாது. கெரெத்தாவை அவள் வாசலில் நிறுத்துவேன். இது இங்கேயே நிற்கும், எட்டாம் மாதத்திலிருந்து நானும் காக் மெலி வீட்டில் தங்கிக்கொள்கிறேன் என்று சொல்வேன். கையில் இருப்பதைக் கொண்டுபோய் வைப்பேன். இத்தனை வருஷத்தில் ஒரு தடவையாவது சரியாகச் செய்வேன். ரோடு முழுக்க அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன்.

முதல் நாள் மழையில் மண்பாதை பாதியில் சரிந்திருந்தது. கெரெத்தா உள்ளே போகவில்லை. முனையிலேயே விட்டுவிட்டு, சேற்றில் முட்டி வரைக்கும் புதைந்து, மூச்சு வாங்கிக்கொண்டு நடந்து போனேன்.

அவள் வாசல் கட்டையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வயிறு பெரிதாகத் தெரிந்தது. கால் இரண்டும் வீங்கியிருந்தன. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். சொல்லிப் பார்த்ததெல்லாம் எங்கோ போயிற்று. இருபது வருஷப் பழக்கம் நாக்கில் வந்து உட்கார்ந்துகொண்டது.

"உனக்கு என்னம்மா வேணும், ரோஸ்னி?"

வெறுங்கையோடு, சேற்றுக் காலோடு நின்று கேட்டேன். கேட்ட பிறகுதான் என் காதில் விழுந்தது.

அவள் முகம் மாறவில்லை. கீரைத் தட்டை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஒன்னும் வேணாம், அக்கா" என்றாள்.

கெரெத்தா இருக்கிறது, முனையில் நிற்கிறது என்றேன். தலையாட்டினாள். நான் வந்து தங்குகிறேன் என்றேன். அதற்கும் தலையாட்டினாள், மாணவர்களுக்கு ஆட்டியதுபோலவே, மரியாதையாக. பிறகு குனிந்து கீரையை ஆயத் தொடங்கினாள்.

அவளுக்கு இந்த வாரத்தோடு ஏழு மாதம் முடிகிறது.